நீலப் பென்சில் கோடு

நான் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன். அவர் எழுந்தால் உட்கார மாட்டார். பல்கலைக்கழக நூலகத்தின் இரவல் கவுண்டரில் பன்னிரண்டு வருடமாக அடுத்தடுத்த நாற்காலி எங்களுக்கு. என் நாற்காலியின் மெத்தை குழிந்து போய்விட்டது. அவருடைய நாற்காலியில் வாங்கிய அன்று சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைகூட இன்னும் முழுதாகக் கிழியவில்லை.

நூலகத்தில் எல்லாருக்கும் அவர் தேதியம்மா. எனக்கு அக்கா. வயது ஐம்பத்து மூன்று. காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு நீலப் பென்சில் செருகியிருக்கும். ஒருவர் புத்தகம் எடுத்தால் அதன் பார்கோடைக் கம்ப்யூட்டருக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. அக்காவுக்கு அது போதாது. கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தேதிச் சீட்டில் கெடு தேதியை ஸ்டாம்பால் ஓங்கிக் குத்துவார். புத்தகம் திரும்பி வந்ததும் அந்தத் தேதியின் மேல் நீலப் பென்சிலால் ஒரு கோடு இழுப்பார். கம்ப்யூட்டர் வந்து பதினைந்து வருடமாகியும் இந்தப் பழக்கத்தை விடவில்லை.

"எதுக்குக்கா ஒரே வேலைய ரெண்டு தடவ பண்றீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கரண்ட் போனா உன் கம்ப்யூட்டர் வாயத் திறக்குமா?" என்றார். அதற்கு மேல் நான் ஏன் வாயைத் திறக்கிறேன்?

விதிகள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மாணவர்களுக்கு நான்கு புத்தகம், பதினான்கு நாள். ஆராய்ச்சியாளர்களுக்குப் பத்து, முப்பது நாள். வீட்டில் இருந்தபடியே இரண்டு முறை புதுப்பிக்கலாம். மூன்றாம் முறை புத்தகத்தைக் கவுண்டருக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும். வேறு யாராவது அதைக் கேட்டுப் பதிந்து வைத்திருந்தால் புதுப்பிக்கவே முடியாது. இந்த விதிகளில் எங்கும் இல்லாத ஒன்றையும் அக்கா செய்வார். கெடுவுக்கு முதல் நாள் ஆளாளுக்கு ஃபோன் போடுவார். "நாளையோட முடியுது. அபராதம் கட்டிட்டு என் முன்னாடி வந்து மூஞ்சத் தொங்கப் போடாதீங்க" என்பார். ஒரு துறைத் தலைவர் பதினாறு புத்தகங்களை இரண்டு வருடம் அறையில் வைத்துக்கொண்டு இழுத்தடித்தார். அக்கா தள்ளுவண்டியோடு அவர் துறைக்கே போய், பாடம் நடக்கும்போது வகுப்பு வாசலில் நின்றார். பதினாறும் வண்டியில் ஏறிய பிறகுதான் நகர்ந்தார்.

வீட்டிலும் இதே கதைதான். கதவைப் பூட்டித் தெருமுனை வரை வந்துவிட்டு, திரும்பிப் போய் பூட்டை இழுத்துப் பார்ப்பார். அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். "நான் பாக்குற லிஃப்ட்டுக்குக்கூட நடுவுல எங்கயாவது நிக்கத் தெரியும் தம்பி. இவளுக்குத் தெரியாது" என்று என்னிடம் அலுத்துக்கொள்வார்.

அக்காவைப் பற்றி யார் பேசினாலும் கடைசியில் ஒரு கதையில் வந்து நிற்பார்கள். சொந்த மகளுக்கே அபராதம் போட்ட கதை. மகள் இங்கேதான் படித்தாள். முதல் வருடம் ஒரு புள்ளியியல் புத்தகம் எடுத்தாள். கெடு தாண்டியும் கம்ப்யூட்டரில் அது அவள் பெயரிலேயே நின்றது. "குடுத்துட்டேம்மா" என்று அவள் இதே கவுண்டரில் நின்று அழுதது எனக்கு நினைவிருக்கிறது. "எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க" என்றார் அக்கா. தொலைந்த புத்தகத்துக்கு விலையைப் போல மூன்று மடங்கு கட்ட வேண்டும். அவள் விடுமுறை முழுவதும் ஜெராக்ஸ் கடையில் நின்று சம்பாதித்துக் கட்டினாள். அக்காவே ரசீது போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு மிச்சமிருந்த இரண்டு வருடமும் அந்தப் பெண் எங்களிடம் ஒரு புத்தகம்கூட எடுக்கவில்லை. வாசிப்புக் கூடத்தின் மூலையில் உட்கார்ந்து, வேண்டியதைக் கையால் எழுதிக்கொண்டு போவாள். "பாத்தியா, எவ்வளவு பொறுப்பா ஆயிட்டா" என்று அக்காவுக்கு ஒரே பெருமை. எனக்கு அது பொறுப்பாகத் தெரியவில்லை, கோபமாகத் தெரிந்தது. ஆனால் நான் எதற்கு மூக்கை நுழைக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

இது நடந்து ஆறு வருடம். போன மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, புதுப்பிப்பு டீச்சர் வந்தார்.

அவர் ஒரு பள்ளியில் ஆசிரியை. வேலைக்குப் போய்க்கொண்டே, இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, நிலத்தடி நீரைப் பற்றி ஏழு வருடமாக ஆராய்ச்சி செய்தவர். ஒரே தடித்த புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பிப்பார், அதனால் வந்த பெயர். அன்று கையில் நோ டியூ படிவத்தோடு நின்றார். நூலகத்தில் பாக்கி எதுவும் இல்லை என்று நாங்கள் கையெழுத்துப் போட்டால்தான் ஆய்வேட்டை வாங்கிக்கொள்வார்கள். ஆய்வு அலுவலகம் நான்கு மணிக்கு மூடும். அன்றோடு அவருடைய ஏழு வருடப் பதிவு காலாவதி. நான்கு மணிக்குள் கொடுக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து பதிந்துகொள்ள வேண்டும்.

அக்கா கம்ப்யூட்டரைப் பார்த்தார். "ஒரு புத்தகம் பாக்கி இருக்கு. நூத்தி நாப்பத்தி மூணு நாள் ஆச்சு."

"அந்தத் தடிப் புத்தகமா? அத எப்பவோ குடுத்துட்டேனே மேடம். நாளைக்கிக் கெடுன்னு நீங்கதான் ஃபோன் பண்ணீங்க. அன்னிக்கே ஓடி வந்து உங்க கையிலதான் குடுத்தேன். நீங்க பென்சிலால கோடுகூடப் போட்டீங்க."

"எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க" என்றார் அக்கா.

"அதுக்கப்புறம் எனக்கு யாரும் எதுவும் சொல்லலியே!"

"பத்து தடவ ஃபோன் பண்ணேன். நம்பர் உபயோகத்துல இல்லன்னுது."

"நம்பர் மாத்திட்டேன் மேடம். சரி, மூணு மடங்கோ நாலு மடங்கோ, இப்பவே கட்டிடறேன். கையெழுத்துப் போடுங்க."

அதற்கும் வழியில்லை. அந்தப் புத்தகம் இப்போது அச்சில் இல்லை. அப்படிப்பட்டது தொலைந்தால் குழு கூடித்தான் முடிவு செய்யும். குழு மாதத்தின் முதல் செவ்வாய் கூடும். அக்கா இதைச் சொன்னதும் டீச்சர் படிவத்தை மடித்துக்கொண்டார். எதிரே இருந்த பெஞ்சில் போய், ஆய்வேட்டுக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அழுதிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுக்குகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரை அக்கா மேலே அனுப்பினார். அவர் வந்து, இடத்தில் இல்லை என்று கையை விரித்தார். அக்கா இன்னொரு முறை போகச் சொன்னார். மூன்றாவது முறை தானே போனார். திரும்பி வந்து தண்ணீர் குடித்தார். உடனே மறுபடி தண்ணீர் குடித்தார். ஸ்டாம்பில் தேதியைச் சரிபார்த்தார், மேசையைத் துடைத்தார், துடைத்த மேசையைத் துடைத்தார். ஒரு மாணவனுக்குப் போன மாதத் தேதியைக் குத்திக் கொடுத்துவிட்டார். அவன் சிரித்தான். பன்னிரண்டு வருடத்தில் அக்கா தேதி தவறி நான் பார்த்ததில்லை.

"அக்கா, சாப்பிட்டுட்டு வாங்களேன்."

"கோடு போட்டேன்னு சொல்றாங்கடா." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. "பொய் சொல்றவங்க குடுத்தேன்னுதான் சொல்லுவாங்க. கோடு போட்டீங்கன்னு எதுக்குச் சொல்லணும்?"

மணி இரண்டரை. அக்கா தன் இடத்தில் நின்று, இல்லாத ஒரு புத்தகத்தை வாங்குவது போல் இரண்டு கைகளையும் நீட்டினார். கடைசிப் பக்கத்தைத் திறந்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்துக் காற்றில் கோடு போட்டார். பிறகு இடது பக்கம் திரும்பினார். அங்கேதான் ஸ்கேனர். கோடு போட்டதும் இடப்பக்கம் ஸ்கேனரில் காட்டி, அப்படியே வண்டியில் வைப்பார். எப்போதும் அப்படித்தான். மறுபடி கையை நீட்டினார், கோடு போட்டார். இந்த முறை புத்தகத்தின் முதுகைத் தடவுவது போல விரலை ஓட்டினார். வலப்பக்கம் திரும்பினார். வலப்பக்கம் பைண்டிங் பெட்டி. முதுகு கிழிந்த புத்தகங்கள் அதில் போகும்.

அப்படியே நின்றார். எனக்கும் புரிந்துவிட்டது. இருபத்தேழு வருடமாகக் கோடு போட்ட கை. கோடு விழுந்ததும் புத்தகம் வந்து சேர்ந்துவிட்டது என்று அந்தக் கைக்கு நிம்மதி. கிழிந்த புத்தகம் வலப்பக்கம் போகும்போது, இடப்பக்கம் ஒரு ஸ்கேனர் இருப்பதே மறந்து போயிருக்கிறது.

பைண்டர் அறை கட்டடத்தின் பின்புறம். அக்கா நடக்கவில்லை, ஓடினார். நான் பின்னால் மூச்சு வாங்க ஓடினேன். பைண்டர் பசைத் தூரிகையோடு நிமிர்ந்து, "என்னம்மா, தீப்பிடிச்சிடுச்சா?" என்றார். அக்கா அடுக்கைப் புரட்டினார். நான்காவது அடுக்கில், மேலிருந்து ஆறாவது. புது அட்டை போட்ட நிலத்தடி நீர். பைண்டர் பழைய தேதிச் சீட்டைக் கிழிப்பதில்லை, அக்கா போட்ட சண்டையில் அப்படியே எடுத்துப் புதுத் தாளில் ஒட்டிவிடுவார். கடைசித் தேதியின் மேல் நீலக் கோடு. நூலால் அளந்தது போல நேராக இருந்தது.

நூலகர் ஐயா விஷயத்தைக் கேட்டதும் சுலபமாக ஒரு வழி சொன்னார். "இன்னிக்குத் திருப்பினதா போட்டுடுங்க. அபராதத்த நான் தள்ளுபடி பண்றேன். அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும். பிழைப் பதிவேட்டுல உங்க பேரு எதுக்கும்மா?"

பிழைப் பதிவேடு என்பது எங்கள் தவறுகளை நாங்களே எழுதும் பெரிய நோட்டு. என் பெயர் அதில் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. அக்காவின் பெயர் ஒரு வரியில்கூட இல்லை. ஆண்டுக் கூட்டத்தில் இதை எடுத்துச் சொல்லிக் கைதட்டுவார்கள்.

"தள்ளுபடின்னா அவங்க தப்பு பண்ணி நாம மன்னிச்ச மாதிரி ஆயிடும் சார்" என்றார் அக்கா. "தப்பு என்னுது."

நோட்டை எடுத்தார். தேதி, புத்தக எண், நடந்தது, காரணம் எல்லாவற்றையும் நின்றுகொண்டே எழுதினார். நடந்தது என்ற இடத்தில் 'வாங்கினேன், பதியவில்லை' என்றும், காரணம் என்ற இடத்தில் 'என் கவனக்குறைவு' என்றும் எழுதியிருந்ததை நான் எட்டிப் பார்த்தேன். நூலகர் கையெழுத்துப் போட, நான் கம்ப்யூட்டரில் புத்தகம் பழைய தேதியிலேயே திரும்பி வந்ததாகப் போட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக விசையைத் தட்டியதில்லை. நோ டியூ படிவத்திலும் கையெழுத்து விழுந்தபோது மணி மூன்று இருபது. அக்கா டீச்சரின் ஆய்வேட்டுக் கட்டில் பாதியை வாங்கித் தன் இடுப்பில் இடுக்கிக்கொண்டார்.

"வாங்க. அந்த ஆபீசுக்குக் குறுக்குவழி எனக்குத் தெரியும்." படியில் இறங்கும்போது, "என்ன மன்னிச்சிடுங்க டீச்சர்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. டீச்சர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

மூன்று நாற்பத்தெட்டுக்கு ஆய்வேட்டை வாங்கிக்கொண்டார்களாம். அக்கா திரும்பி வந்து சொன்னார். அப்பாடா என்று நான் நாற்காலியில் சாய்ந்தேன். அக்கா நிற்கவில்லை. கவுண்டரைத் தாண்டி நேரே மாடிப்படி ஏறினார்.

எங்கே போகிறார் என்று எனக்குச் சட்டென்று விளங்கியது. பைண்டிங் முடிந்த புத்தகம் கவுண்டருக்கு வராமல் நேரே அடுக்குக்குத்தான் போகும். போகாதீங்கக்கா என்று கத்த வேண்டும் போல இருந்தது. காசு கட்டியதும் அந்தப் புள்ளியியல் புத்தகத்தைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டோம். வருடா வருடம் கணக்கெடுக்கிறோம்தான். பட்டியலில் இருந்து அடுக்கில் இல்லாததைத்தான் தேடுவோம். அடுக்கில் இருந்து பட்டியலில் இல்லாததை யார் தேடுகிறார்கள்?

பத்து நிமிடம் கழித்து இறங்கி வந்தார். கையில் புது அட்டை போட்ட புத்தகம். அட்டை புதிதாகவே இருந்தது, ஆறு வருடத்தில் யாரும் தொட்டிருக்கவில்லை. கடைசிப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். கடைசித் தேதி, அதன் மேல் அதே நீலக் கோடு.

அக்கா ஃபோனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டாரா, கை தவறிப் பட்டதா தெரியாது. மகளின் குரல் எனக்கும் கேட்டது.

"அம்மா, வேலையில இருக்கேன். சீக்கிரம் சொல்லு."

"அந்தப் புத்தகம்..." அக்கா அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தார். "ஸ்டாட்டிஸ்டிக்ஸ் புத்தகம். நீ குடுத்துட்டடி."

அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த தட்டச்சுச் சத்தம் நின்றது.

"ஆமாம்மா" என்றாள் மகள். "உன் கையிலதான் குடுத்தேன்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். அக்கா தன் நாற்காலியைத் தேடவில்லை. பக்கத்தில் இருந்த என் நாற்காலியில், அந்தக் குழிக்குள், பொத்தென்று உட்கார்ந்தார். நூலகம் மூடும் மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.