அப்பா சித்தர் அல்லர்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைச் 'சித்தர்' என்று அச்சிட வேண்டும் என்பது பெரியப்பாவின் விருப்பம். அவர் என்னை மன்னிக்க வேண்டும். அப்படி அச்சிட்டால் அப்பாவுக்கு வந்தது என்ன நோய் என்றே உறவில் யாருக்கும் தெரியாது. அவருடைய தங்கையான எங்கள் அத்தைக்கு மருத்துவமும் கிடைக்காது.

அப்பா கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிட்ட குடும்பத்தில் பிறந்தார். திருவண்ணாமலையில் ஒரு லாட்ஜில் மேலாளராக இருந்தார். முன்கோபி. போர்வை மடிப்பு கோணலாக இருந்தால்கூட விடமாட்டார். ஐம்பதை நெருங்கும்போது விரல்கள் தாமாகத் துடிக்கத் தொடங்கின. பிறகு தோள், கழுத்து, நடை. மதுவைத் தொட்டறியாத மனிதரை, குடித்துவிட்டு வருகிறார் என்று சொல்லி வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

அதே நடையோடு அவர் கிரிவலப் பாதையில் போனபோது வெளியூர்க்காரர்கள் சித்தர் என்று காலில் விழுந்தார்கள். செங்கம் சாலையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அவர் எதிரே கண்மூடி அமர்ந்தேவிட்டார். "ஏந்திரிங்கம்மா, எனக்கு ஒடம்பு சரியில்லைங்க, அவ்ளோதான்" என்றாராம் அப்பா. அதையும் உபதேசமாக எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் வந்து சொன்னபோது நாங்கள் சிரித்தோம். அவருக்குக் கோபம் தீர அரை நாள் ஆயிற்று.

சென்னையில் மருத்துவர் சொன்ன பெயர் ஹண்டிங்டன் நோய். பழுதான ஒரு புரதம் உடம்பெங்கும் இருந்தும், அசைவுகளைக் கட்டுப்படுத்தும் மூளையின் உட்பகுதிதான் பெரிதும் சிதைகிறது. அங்கே மிகுதியாக இருக்கும், செல்லுக்குள் செய்தி கடத்தும் இன்னொரு புரதம் பழுதான புரதத்தோடு சேர்ந்து அதை நஞ்சாக்குவது ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்களாம். நோயை நிறுத்த மருந்து இல்லை. துடிப்பைக் குறைக்க உண்டு. பெற்றவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 'சாமி வந்தவர்' என்று நாம் சொல்லும் தாத்தாவுக்கும் இதுவே இருந்திருக்க வேண்டும்.

கடைசி நாட்களில் அப்பாவால் விழுங்க முடியவில்லை. சோற்றைக் குழைத்துப் பொறுமையாக ஊட்டிய அம்மாவுக்கும், தூக்கிக் குளிப்பாட்டிய தம்பிக்கும், கூப்பிட்டபோதெல்லாம் ஆட்டோ கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் நன்றி. அவர் பசியோடு போனாரோ என்று இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது அத்தையின் விரல்கள் ஆடுகின்றன. உறவினர்களான நீங்களே அவரிடம் திருநீறு கேட்டு நிற்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அத்தையின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். வரும் திங்கட்கிழமை நாங்கள் இருவரும் இந்த நோய்க்கான சோதனைக்கு இரத்தம் கொடுக்கச் சென்னை போகிறோம்.

"எனக்குதான கை ஆடுது, நீ எதுக்குடி ரத்தம் குடுக்கற?" என்று கேட்டார் அத்தை.

"நானும் அப்பாவோட பொண்ணுதான அத்த" என்றேன்.