இரண்டு முறை கேட்ட ரயில்

வாங்கிய சாமான் சும்மா கிடப்பது எனக்கு ஆகாது. மகன் படிப்புக்காக பான் நகருக்குப் போனபோது தன் அறையில் விட்டுப் போனவற்றில் ஒரு வானொலி ஸ்கேனரும் இருந்தது. ஆசை ஆசையாக வாங்கி, மண்டை குழம்பிக் கைவிட்ட பொருள். கெல்லருக்குள் போடச் சொன்னான். அந்த நிலவறையில் ஏற்கெனவே அவனுடைய கிற்றாரும் சறுக்குப் பலகையும் பூசணம் பிடித்துக் கிடக்கின்றன. இதையும் அங்கே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நீ படிக்காவிட்டால் நான் படிக்கிறேன் என்று வீம்புக்குத்தான் தொடங்கினேன்.

நாங்கள் ஜேர்மனியில் ஹம் நகரில் இருக்கிறோம். முதியோர் இல்லத்தில் எனக்குக் காலை ஷிஃப்ட். பிற்பகலில் வீடு வந்துவிடுவேன். இவர் லொறி ஓட்டுகிறவர், இருட்டிய பிறகுதான் வருவார். குளிர்காலத்தில் இங்கே தேநீர் நேரத்துக்கே இருட்டத் தொடங்கிவிடும். விளக்கைப் போடவும் மனமில்லாமல், போடாமல் இருக்கவும் முடியாமல் ஒரு நேரம் வரும். அந்த நேரத்தைத்தான் நான் ஸ்கேனருக்குக் கொடுத்தேன்.

ஸ்கேனர் சாதாரண வானொலி மாதிரி ஒரே இடத்தில் இருந்து பாடாது. அலைவரிசை எண்களின் மேல் ஓடிக்கொண்டே இருக்கும். எங்காவது யாராவது பேசினால் நிற்கும். பேச்சு முடிந்தால் மறுபடியும் ஓடும். எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை ஓட வேண்டும், எதை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதை நாம்தான் அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லிக் கொடுக்க எனக்குத் தெரியாது, கேட்டுக்கொள்ள அதற்குப் பொறுமை கிடையாது. புள்ளி வைக்க மறந்தால் 'பீப்' என்று கத்தும். வரிசை மாறி அமுக்கினாலும் கத்தும். பாடுபட்டுப் பதிந்த எண்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்து, கடைசி எண்ணைத் தவிர மற்றதெல்லாம் அழிந்துபோன அன்று, அதைத் தூக்கி மெத்தையில் எறிந்தேன். சுவரில் எறியவில்லை. விலை தெரியும்.

கையேட்டின் முதல் பக்கத்தில் ஜேர்மன் மொழியில் ஓர் எச்சரிக்கை இருந்தது. எல்லோருக்குமான ஒலிபரப்பையும் பொழுதுபோக்கு வானொலிக்காரரின் பேச்சையும் கேட்கலாம். மற்றவை கேட்பதற்கல்ல. தற்செயலாகக் காதில் விழுந்தால், என்ன கேட்டேன் என்பதை மட்டுமல்ல, கேட்டேன் என்பதையே யாருக்கும் சொல்லக்கூடாது. நாங்கள் அகதியாக வந்த ஆட்கள். தபால்பெட்டியில் அரச அலுவலகத்து மஞ்சள் உறை ஒன்றைக் கண்டால் இன்றைக்கும் தனியாகப் பிரிக்க மாட்டேன். அந்தப் பக்கத்தை நான் இரண்டு முறை வாசித்தேன்.

முதலில் அகப்பட்டவர்கள் இரண்டு கிழவர்கள். ஒருவர் தன் அன்ரனாவைப் பற்றியும் மற்றவர் தன் முழங்காலைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். முழங்கால் வலி எனக்குத் தினமும் வேலையில் கேட்கிற கதைதான். ஆனாலும் நானே எண் போட்டுப் பிடித்த முழங்கால் அல்லவா. அன்று இவர் வந்ததும் வாசலிலேயே மறித்துச் சொன்னேன். முதலில் சாப்பாட்டைப் போடு என்றார்.

பிறகு ஒரு மாலை, புதிதாக ஒரு பகுதியைத் தேடும்படி போட்டுவிட்டு உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். எண்கள் ஓடி ஓடி ஓரிடத்தில் நின்றன. இரைச்சல். அதற்குள் சாவி கொடுத்த பொம்மையின் இசை, மெதுவாகித் தேய்ந்து நின்றது. அதன் பிறகு ஒரு பெண் குரல், என் காதோடு பேசுவதுபோல, தமிழில் கேட்டது.

"முழிச்சிட்டியோடா?"

கத்தி கையிலிருந்து விழுந்தது. அலைவரிசைகளில் ஜேர்மன், துருக்கி, போலந்து எல்லாம் எதிர்பார்த்திருந்தேன். எங்கள் யாழ்ப்பாணத் தமிழை எதிர்பார்க்கவில்லை. போய் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தேன். குரல் போய்விட்டிருந்தது. நான் பயந்தவள்தான், ஆனால் அந்த எண்ணை நினைவில் பதிந்துகொண்டேன். அன்று முதல்முறையாக எல்லாப் பொத்தானையும் சரியாக அமுக்கினேன்.

மகனிடம் வாட்ஸ்அப்பில் கேட்டேன். குரலைப் பற்றிச் சொல்லாமல், பொம்மைச் சத்தம் வந்தது என்று மட்டும் சொன்னேன். அது பேபிபோனாக இருக்கும் என்றான். குழந்தையின் அறையில் ஒன்றை வைத்தால் அடுத்த அறையில் தாய் கேட்பாளே, அது. இப்போது வருபவை இப்படிக் கசியாதாம். யாரோ பழையது வாங்கியிருக்கிறார்கள், பக்கத்தில்தான் எங்கோ இருக்கும் என்றான். எனக்கு உயிர் வந்தது. பேய் இல்லை, யாரோ ஒரு கைக்குழந்தைக்காரி.

அடுத்த நாள் அந்த நேரத்துக்கு ஸ்கேனரைப் போட்டேன். கேட்கக்கூடாது என்று தெரியும். இருந்தாலும் போட்டேன். அவள் வந்தாள். இன்றைக்கு மழை என்றாள். கொப்பா வேலைக்குப் போய்விட்டார் என்று பிள்ளைக்கு அப்பாவைப் பற்றிச் சொன்னாள். கீழ்வீட்டுக்காரி படிக்கட்டைக் கழுவவில்லை என்று குறைப்பட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நாளடைவில் அவள் குரல் வந்தால்தான் தேநீர் போடுவது என்று ஆகிவிட்டது. வெறும் வீட்டில் யாரோ பேசுவது நன்றாக இருந்தது.

ரயிலை ஒரு நாள் தற்செயலாகக் கவனித்தேன். அவள் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் ரயில் கடகடத்துப் போனது. அது ஓய்வதற்குள் அதே ரயில் எங்கள் சமையலறை ஜன்னலுக்கு வெளியேயும் போனது. முதலில் அவளுக்கு, பிறகு எனக்கு. அப்படியென்றால் அவள் தண்டவாளத்துக்கு என்னைவிடக் கிட்ட இருக்கிறாள். தோட்டங்களுக்கு அப்பால், ரயில் பாதையோரம் இருக்கும் மஞ்சள் கட்டடங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். அந்தப் பக்கம் நடக்கும்போதெல்லாம் தள்ளுவண்டி தெரிகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் நான். எனக்கு உறைக்க இத்தனை நாள் எடுத்திருக்கக் கூடாது. குழந்தை அழவில்லை. எந்த நாளும் அழவில்லை. நல்ல பிள்ளை என்று முதலில் நினைத்தேன். ஆனால் நல்ல பிள்ளையும் விக்கும், தும்மும், மூக்கடைத்து உறுமும். இங்கே ஒன்றுமே இல்லை. அவள் பேசுவாள். பிறகு இடைவெளி விடுவாள். அந்த இடைவெளி சரியாக ஒரு பதிலுக்குப் போதுமானதாக இருக்கும். பிறகு, "ஓமோ?" என்பாள், பதிலைக் கேட்டுக்கொண்டவளைப் போல.

ஒருநாள் இரைச்சலை அடக்கும் குமிழை முழுதாகத் திறந்து, சத்தத்தைக் கூட்டி, அந்த இடைவெளிக்குள் காதை வைத்தேன். இரைச்சல் பொங்கியது. அதற்குள் அடியில் எதுவோ ஏறி இறங்குவதுபோல இருந்தது, மூச்சைப்போல. இரைச்சலை அதிக நேரம் கேட்டால் அதற்குள் எதுவும் கேட்கும் என்று கையேட்டில் எழுதவில்லை, நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அன்று வீட்டில் உள்ள எல்லா விளக்கையும் போட்டு வைத்தேன். இவர் வந்து, கல்யாண வீடோ என்று கேட்டார்.

விடை தமிழ்க்கடையில் கிடைத்தது. கடை அக்காவுக்கு இந்த நகரத்தில் யார் வீட்டில் என்ன கறி என்பதுகூடத் தெரியும். தண்டவாளப் பக்கத்து மஞ்சள் கட்டடங்களில் எங்கள் ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று பேச்சுவாக்கில் கேட்டேன். கடைசிக் கட்டடம், மூன்றாம் மாடி என்றார். கல்யாணம் கட்டி ஊரிலிருந்து வந்து அதிக காலமில்லாத பெண்ணாம். எட்டாம் மாதத்தில் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே இறந்துவிட்டதாம். ஆண் பிள்ளை. இறந்தது என்று தெரிந்துகொண்டே நொந்து பெற்றாளாம். குரலைத் தாழ்த்தி மிச்சத்தையும் சொன்னார். பிறக்க முன்னமே கட்டில், திரைச்சீலை, பேபிபோன் வரைக்கும் வாங்கி வைத்துவிட்டார்களாம். பிறக்காத பிள்ளைக்குச் சாமான் வாங்கலாமோ, அதுதான் இப்படி என்று சனம் கதைக்கிறதாம்.

எனக்கு ஆத்திரம் வந்தது. பிள்ளையை வைக்கிற கார் இருக்கை இல்லாமல் இந்த நாட்டில் பிள்ளையை எப்படி வீட்டுக்குக் கொண்டுவருவது? ஊரில் மாமியும் மச்சாளும் ஓடித் திரிந்து வாங்குவார்கள், இங்கே அவளுக்கு யார்? போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டேன். போய் என்னத்தைச் சொல்லுறது என்றார் கடை அக்கா. அதிலும் நியாயம் இருந்தது. பிள்ளை பிறந்த வீட்டுக்கு என்ன கொண்டுபோவது என்று எங்களுக்குத் தெரியும். செத்தவீட்டில் எங்கே உட்காருவது என்றும் தெரியும். இது இரண்டுமான வீடு, அதனால் ஒருவரும் போகவில்லை.

நான் மல்லியும் மிளகும் சீரகமும் வேர்க்கொம்பு என்கிற சுக்கும் வாங்கினேன். யாருக்குப் பிள்ளை கிடைத்திருக்கிறது என்று கடை அக்கா உடனே கேட்டார். பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் சரக்குக்கறிக்கு இவைதான் வேண்டும் என்பது யாருக்கும் தெரியும். எனக்கு இருமல் என்றேன்.

மறுநாள் பிற்பகல் சரக்கை வறுத்து அரைத்து, உள்ளிப்பூண்டு நிறையப் போட்டுக் கோழியில் கறி வைத்தேன். வைத்தேனே தவிர, எப்படிக் கொண்டுபோவது என்று தெரியவில்லை. முன்பின் தெரியாத வீட்டுக்கதவைத் தட்டி என்ன சொல்வது? நீ செத்த பிள்ளையோடு பேசுவதை ஒட்டுக்கேட்டேன் என்றா? சொல்லவே கூடாது என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. அடுப்பை அணைத்துவிட்டு ஸ்கேனரைப் போட்டேன்.

அன்று அவள் குரல் வேறாக இருந்தது. குறை ஒன்றும் சொல்லவில்லை. பசிக்கவில்லை என்றாள். இன்றைக்கும் சாப்பிடவில்லை என்றாள். இடைவெளி விட்டாள். வழக்கத்தைவிட நீண்ட இடைவெளி.

"சரியடா. தனிய நிண்டு பயப்பிடாதை. அம்மா வாறன்."

காலடிச் சத்தம் கேட்டது. ஜன்னல் பிடி திரும்பும் சத்தம் கேட்டது. அடுத்த கணம் ஸ்கேனருக்குள் தெரு முழுவதும் கொட்டியது, காற்று, தூரத்து நாய், அதற்கு மேலால் ரயில், சமையலறை அதிரும் அளவுக்கு. அதுவரை ரயில் எப்போதும் மூடிய கண்ணாடிக்குப் பின்னால்தான் போயிருந்தது. இப்போது ஜன்னல் முழுதாகத் திறந்திருக்கிறது. காற்றோட்டத்துக்குத் திறந்திருக்கலாம், இங்கே எல்லோரும் குளிரிலும் திறப்பார்கள் என்று ஒரு மனம் சொன்னது. அதற்குள் அதே ரயில் என் ஜன்னலுக்கும் வந்துவிட்டது. நான் சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு வீட்டுச் செருப்போடு ஓடினேன்.

கடைசிக் கட்டடத்து வாசல் மணிப் பலகையில் மற்றப் பெயர்களைவிட இரண்டு மடங்கு நீளமான தமிழ்ப் பெயர் ஒன்றுதான் இருந்தது. அமுக்கினேன். பதில் இல்லை. மறுபடி அமுக்கி விரலை எடுக்காமல் நின்றேன். ஒலிபெருக்கிக்குள் இரைச்சல் வந்தது. அந்த இரைச்சலுக்குள்ளிருந்து, இத்தனை நாள் என்னைத் தெரியாமல் பேசிய அதே குரல், "ஹலோ?" என்று இப்போது என்னைக் கேட்டது. ஸ்கேனரோடு பழகியவளுக்கு, திருப்பிப் பேச வேண்டும் என்பதே ஒரு கணம் மறந்துபோயிற்று.

"பிள்ளை, கதவைத் திறவுங்கோ. கறி சூடாக் கிடக்கு."

கதவு திறந்தது. மூன்றாம் மாடி வரை எப்படி ஏறினேன் என்று தெரியாது. அவளுக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். வெறுங்காலோடு நின்றாள், முகத்தில் குளிர் அடித்த சிவப்பு. பின்னால் அறைக்கதவு திறந்திருந்தது. உள்ளே கரடிப் படம் போட்ட திரைச்சீலை காற்றில் அறைக்குள் பறந்தது. கட்டில் இருந்தது. அதன் தலைமாட்டில் பேபிபோனின் பச்சை விளக்கு எரிந்தது. நான் கேட்காமலே போய் ஜன்னலைப் பூட்டினேன்.

அவள் கறியின் வாசத்தை முகர்ந்தாள். யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டாள். கடை அக்கா என்ற பொய் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அந்தப் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. உங்கள் பேச்சு என் வீட்டு ரேடியோவில் விழுகிறது, கொஞ்ச நாளாகவே விழுகிறது என்றேன். திட்டுவாள், பொலிசைக் கூப்பிடுவாள் என்று நின்றேன். அவள் கருவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் கையைப் பிடித்தாள். கை ஐஸாக இருந்தது.

"அன்ரி, அவன்ரை சத்தம் ஏதும் கேட்டதோ?"

இரைச்சலுக்குள் ஏறி இறங்கிய அந்த ஒன்று எனக்கு நினைவு வந்தது. அவள் கண்ணைப் பார்த்தால் ஓம் என்று சொல்லத்தான் தோன்றியது. சொன்னால் அவள் மறுபடியும் அந்த ஜன்னலுக்குத்தான் போவாள் என்றும் தோன்றியது.

"இல்லைப் பிள்ளை. உங்கடை சத்தம் மட்டும்தான் கேட்டது."

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். இத்தனை நாளில் அவள் அழுது நான் கேட்டதே இல்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுகை அடங்கியபோது சட்டியைக் காட்டி, இது பிள்ளை பெற்றவர்களுக்கு அல்லவா கொடுப்பது என்றாள்.

"நீங்கள் பெத்தனீங்கள்தானே. சாப்பிடுங்கோ."

அவள் கணவன் வேலையால் வரும் வரை இருந்தேன். அவனைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, ஜன்னலைப் பற்றியும் நாளைக்கே அவளை டொக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்பதைப் பற்றியும் சொன்னேன். நான் லீவு எடுத்துக்கொண்டு கூட வருவதாகச் சொன்னேன். பெரிய பையன், தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு ஓம் ஓம் என்றான்.

நான் வீடு திரும்பியபோது கதவு பூட்டாமல் கிடந்தது. இவர் லொறிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் இருட்டில் மேசையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஸ்கேனர், நான் விட்டுப்போன அதே எண்ணில், இரைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. பச்சை விளக்கை நாங்கள் யாரும் அணைக்கவில்லை. வெறும் வீட்டுக்குள் வந்த மனுசனுக்கு, பெட்டிக்குள்ளிருந்து பெண்டாட்டியின் குரலும் யாரோ ஒரு பெண்ணின் அழுகையும் கேட்டிருக்கிறது. எங்கிருந்து என்று தெரியாமல், அணைக்கவும் பயந்து, அப்படியே இருந்திருக்கிறார். எங்கே போனாய் என்று கேட்பார், ஏச்சு விழும் என்று பார்த்தேன்.

"அந்தப் பிள்ளை சாப்பிட்டதோ?" என்று கேட்டார்.

சாப்பிட்டது என்றேன். பிறகுதான் விளக்கைப் போட்டார்.