வெளியே அம்பில்லாத பெட்டி

எங்கள் அலுவலகத்தில் பெட்டிக்காரி என்றால்தான் அவளைத் தெரியும். ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் என்ன கேட்கலாம், என்ன பதில் வரும் என்று பக்கம் பக்கமாக எழுதுவோமே, ஏபிஐ விவரக்குறிப்பு, அதைப் படமாக்குவது அவள் வேலை. எல்லோர் திரையிலும் ஒரே நேரத்தில் தெரியும் வெள்ளைப் பலகையில், ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெட்டி, பெட்டிக்குப் பெட்டி அம்பு. எங்காவது இடித்தால் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டுவாள். எப்போதும் ஒரே கேள்விதான்: "இங்கேருந்து எப்படி வெளியே போறது?" சீட்டு விழுந்தால் எழுதியவரின் மானம் கப்பலேறும்.

பிள்ளைகளை வளர்த்துவிட்டுப் பத்து வருடம் கழித்து வேலைக்கு வந்தவள் நான். மூன்று மாதச் சோதனைக்காலம். ரத்தப் பரிசோதனைக்கூடம் ஒன்றுக்காக நான் எழுதிய எண்பது பக்கம் தேறினால் வேலை நிலைக்கும், இல்லையென்றால் மறுபடி வீடுதான். படம் போட்டால்தான் புரியும் என்றால் எழுத்து எதற்கு என்று முணுமுணுத்துக்கொண்டேதான் அவளுக்கு அனுப்பினேன்.

பதினொரு மணிக்கு மேலாளர் பலகையைப் பார்க்க வருவார். பத்து மணிக்கு அவள் என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, ரத்தம் கெட்டுப்போச்சுன்னு கூடத்துல சொல்லிட்டா, அப்புறம் என்ன நடக்கும்?"

திரையைப் பார்த்தேன். 'ரத்த மாதிரி நிராகரிப்பு' என்ற பெட்டிக்குள் ஓர் அம்பு போகிறது, வெளியே ஒன்றுமில்லை. நோயாளியை மறுபடி ரத்தம் கொடுக்கக் கூப்பிடும் வழியை நான் எழுதவே இல்லை. வராத முடிவுக்காக அவர் காத்துக்கொண்டே இருப்பார். ஏன் சீட்டு ஒட்டவில்லை என்று கேட்டேன்.

"ஒட்டினா எல்லாருக்கும் தெரிஞ்சிடும். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே, நீங்க எழுதுங்க. நான் அம்பு போட்டுடறேன்."

எழுதினேன். பதினொரு மணிக்கு மேலாளரின் சுட்டி திரையில் அம்பு அம்பாக ஊர்ந்து வந்து, சரியாக அங்கே நின்றது. இதை மறக்காமல் யோசித்தீர்களே என்று பாராட்டினார். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. என்னால் முடியவில்லை.

"நான் விட்டுட்டேன் சார். அவங்கதான் பிடிச்சாங்க."

சுட்டி அடுத்த பெட்டிக்குப் போனது. மதியச் சாப்பாடு எனக்கு இறங்கவே இல்லை. வேலை நிரந்தரம் என்ற கடிதம் மாலையில்தான் வந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக அந்தப் பெட்டியின் மேல் என் கையால் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டினேன்: "இங்கேருந்து வெளியே வந்துட்டேன். நன்றி." எல்லாருக்கும் தெரியட்டும் என்றுதான் ஒட்டினேன்.