வேலூருக்குப் போன கட்டு

பதின்மூன்று வயதில் நான் முதன்முதலாகத் தனியாகச் சைக்கிளில் ஆம்பூரிலிருந்து வேலூர் போனேன். மூட்டைகள் போயின, நானும் கூடப் போனேன் என்பதுதான் நியாயம்.

வேலூரில் அக்காவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டதால் அப்பா அவளோடு பேச்சை நிறுத்தியிருந்தார். அவள் பேரை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுவார். அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. அப்பாவாகக் கூப்பிடாமல் வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொல்லியனுப்பியிருந்தாள். நடுவில் அம்மாதான் தவித்தாள். மாமாவின் சைக்கிளை இரவல் வாங்கி, பூண்டு, வெல்லம், நெய்ச் செம்பு, கேழ்வரகு என்று பின்னால் ஏற்றிக்கொண்டே போனாள். நான் கையை எடுத்தால் முன் சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டது.

கிளம்பும்போது அப்பா வந்தார். தோல் கிடங்கில் தோல்களைக் கட்டுக் கட்டாகக் கட்டி அனுப்புவது அவர் வேலை. சின்ன வயதில் அக்கா அவரோடு கிடங்குக்குப் போய்வருவாளாம். கோணியில் சுற்றிய சின்னக் கட்டு ஒன்றை ஹாண்டில்பாரில் மாட்டினார்.

"அவ கேட்டா, அம்மா கட்னதுன்னு சொல்லு. இன்னா?"

வழியெல்லாம் எனக்கு அதன் மேல்தான் கண். உள்ளே என்ன? அம்மாவுக்கே தெரியவில்லை. கிடங்குக் கோணியின் வாசனைக்கு நாய்கள் வேறு துரத்தின. ஒவ்வொரு ஊர் நாயும் எல்லை வரை வந்து, அடுத்த ஊர் நாயிடம் என்னை ஒப்படைத்துவிட்டுப் போயிற்று. பள்ளிகொண்டா தாண்டி ஒரு புளியமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு முடிச்சோடு மல்லுக்கட்டினேன். நகம் பெயர்ந்தது, பல் வலித்தது, முடிச்சு அசையவில்லை. கிடங்கு முடிச்சு அப்படித்தான். எந்த நுனியை இழுப்பது என்று தெரியாதவர்கள் கயிற்றை அறுக்கத்தான் வேண்டும்.

அக்கா வாசலிலேயே கட்டைப் பார்த்துவிட்டாள்.

"யார்றா கட்னது?"

"அம்மா."

"அம்மாவுக்கு எப்படா இந்த முடிச்சு போட வந்துச்சு?"

ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள். கயிறு முழுவதும் கழன்று கையோடு வந்துவிட்டது. உள்ளே குழந்தையைப் படுக்கவைக்க, பூப்போல மென்மையாகப் பதனிட்ட ஓர் ஆட்டுக்குட்டித் தோல். இதற்கா இந்தப் பாடு என்று எனக்குச் சப்பென்றாகிவிட்டது. அக்காவோ கயிற்றையே பார்த்துச் சிரித்தாள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழுதாள். பிறகு அதைச் சுருட்டி என் சட்டைப்பையில் திணித்தாள்.

"அப்பா கையிலயே குடு."

மறுநாள் சாயங்காலம் அப்பா தெருமுனையில் நின்றிருந்தார். அக்காவைப் பற்றிக் கேட்கவில்லை, குழந்தையைப் பற்றியும் கேட்கவில்லை.

"கயித்த அறுத்துட்டாளா?"

"இல்லப்பா. ஒரே இழுப்புல அவுத்துட்டா."

கயிற்றைக் கொடுத்தேன். கிடங்கில் ஒரு முழக் கயிறு வீணானாலும் கூச்சல் போடுகிறவர், அதை நுனியிலிருந்து நுனி வரை விரலால் நீவிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. விடிந்ததும் வேலைக்குப் போகாமல் வேலூர் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

ஒரு கயிறு அறுபடாமல் திரும்பி வந்ததற்கு இவ்வளவு சந்தோஷமா என்று எண்ணியபடி, நான் மாமாவின் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.