மருந்துப் பட்டியலின் விலாசம்

அலுவலகத்தில் அவளுக்குக் கழுகு என்று பெயர். ஆஸ்பத்திரிக் கணினியில் யார் எதை மாற்றினாலும் காட்டிக்கொடுக்கும் நிரலை எழுதியவள் அவள்தான். அந்த உத்தியை ரிஃப்ளெக்ஷன் என்பார்கள். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே நோயாளியின் பதிவைத் திறந்து, உன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று அதனிடமே கேட்டு, ஒவ்வொன்றையும் படமெடுத்து வைக்கும். சேமிக்கும்போது பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிடும். துளி வித்தியாசம் தெரிந்தாலும் பதிவேட்டில் எழுதிவிடும். "என் கண்ணுல மண்ணைத் தூவ முடியாது" என்று ஒன்பது மாதமாக மார்தட்டிக்கொண்டு திரிந்தாள்.

அன்று பதினொரு மணிக்கு விசாரணை. ஒரு நர்ஸ் பத்து மில்லி மருந்து கொடுத்திருக்கிறாள், திரையில் ஐந்து என்று இருக்கிறது. நோயாளி தப்பித்துவிட்டார். நர்ஸின் வேலைதான் இழுபறியில் இருந்தது.

"பத்துன்னுதான் இருந்துச்சு. நான் கொடுத்தப்புறம் யாரோ மாத்தியிருக்காங்க" என்பதே அவள் பேச்சு. பதிவேடோ மாற்றமே இல்லை என்றது. அதைச் சொல்லத்தான் கழுகை வரச்சொல்லியிருந்தார்கள்.

பத்து மணிக்கே வராந்தாவில் நர்ஸ் அவளை மறித்தாள். "நீங்கதானே அதை எழுதினது? இன்னொரு தடவை பாருங்கம்மா."

கழுகுக்குச் சுருக்கென்றது. இவளுக்குக் காட்டிவிட்டே மறுவேலை என்று போய் உட்கார்ந்தாள். ஒரு சோதனைப் பதிவில் மருந்தைப் பத்திலிருந்து ஐந்தாக்கிச் சேமித்தாள். மாற்றம் இல்லை என்று வந்தது. பெயரை மாற்றினாள், பிடித்தது. படுக்கை எண்ணையும் பிடித்தது. மறுபடி மருந்து. மாற்றம் இல்லை.

பத்தே முக்காலுக்குப் புரிந்தது. பெயரும் எண்ணும் படத்தில் அப்படியே நகலாக விழுந்திருந்தன. மருந்துப் பட்டியலுக்கு மட்டும் விழுந்தது, கணினிக்குள் அது இருக்கும் இடத்தின் விலாசம்தான். பழைய படத்திலும் அதே விலாசம், புதியதிலும் அதே விலாசம். வீட்டுக்குள் சாமான் மாறினால் விலாசத்துக்கு என்ன தெரியும்? எழுதிய காலத்தில் பெயரையும் எண்ணையும் மாற்றிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று எழுந்து போனவள் அவள். தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

வாயை மூடிக்கொண்டால் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. சாயங்காலம் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம். பதினொரு மணிக்கு மாடி ஏறினாள்.

விசாரணை அறையில் மேலாளர், நோயாளியைப் பார்த்த டாக்டர், நர்ஸ் எல்லார் முன்னாலும் பெரிய திரையில் மருந்தை மாற்றிக் காட்டினாள். மாற்றம் இல்லை. "தப்பு என்னோடது. இவங்க பொய் சொல்றாங்கன்னு சொல்ல இந்தப் பதிவேட்டுக்கு யோக்கியதை கிடையாது."

டாக்டர் கைபேசியைக் கீழே வைத்தார். "அன்னிக்குச் சாயங்காலம் பத்தை அஞ்சாக் குறைச்சது நான்தான். அதுக்கு முன்னாடியே கொடுத்திருப்பாங்கன்னு தோணல."

மேலாளர் பெருமூச்சு விட்டார். "நல்லவேளை, முதல் கேஸ்லயே கண்டுபிடிச்சிட்டீங்க."

"முதல் கேஸ் இல்ல சார்."

ஐந்து மாதத்துக்கு முன்னால் இதே அறையில், இதே பதிவேட்டைக் காட்டி ஒரு ஆண் நர்ஸை வேலையைவிட்டு அனுப்பினார்கள். மருந்தைக் கொடுத்த பிறகு யாரோ அளவை மாற்றிவிட்டார்கள் என்றுதான் அவரும் சொன்னார். "மெஷின் பொய் சொல்லாதுங்க" என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னவள் கழுகு.

"அவர் நம்பர் யார்கிட்டயாவது இருக்கா?"

நர்ஸ்தான் தன் கைபேசியை எடுத்தாள்.

"என்கிட்ட இருக்கு. பத்து வருஷம் ஒரே வார்டுல இருந்தோம். அன்னிக்கு நானும் அவரை நம்பல."