ஆளுநருக்கு ஓர் அர்ச்சனை

மத்திய வங்கி ஆளுநரை யாராவது ஏசினால் அம்மாவுக்குப் பொறுக்காது. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு எங்கள் டிவி வந்த நாளிலிருந்து அதில் அந்த ஒரே முகம்தான். ஆட்சிகள் மாறின, அவர் மாறவில்லை. அம்மா கொழுந்து பறித்த காலமெல்லாம் சம்பளத்தில் பிடித்த சேமலாப நிதி அவருடைய வங்கியின் பொறுப்பில் இருப்பதாகத் தொழிற்சங்கக்காரர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஆளுநர் எங்களுக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார்.

அந்தப் பணத்தை நம்பித்தான் அம்மாவின் வீடு இருந்தது. பசறைப் பக்கம் ஒரு துண்டுக் காணி வாங்கிப் போட்டிருந்தோம். தோட்டம் கொடுத்த லயத்து ஒற்றைக் காம்பராவில் பிறந்தவள், சொந்த வீட்டில் சாக வேண்டும் என்பாள். வேறு எதற்கும் அவள் ஆசைப்பட்டதில்லை.

ஒருமுறை பாராளுமன்றத்தில் ஆளுநரை வறுத்தெடுத்தார்கள். ரூபாயின் மதிப்பை இறங்கவிடாமல் பிடித்து வைத்தது தப்பு என்றார்கள் சிலர், பணத்தை அச்சடித்துத் தள்ளியது தப்பு என்றார்கள் சிலர். அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு பதுளைக் கோயிலுக்குப் போய், அவர் பேருக்கு அர்ச்சனைத் தட்டை நீட்டினாள்.

"நட்சத்திரம்?" என்றார் ஐயர்.

"தெரியாதுங்க சாமி. பெரிய உத்தியோகத்துல இருக்காரு, பாவம், வம்புல மாட்டிக்கிட்டாரு. சாமிக்குத் தெரியாதா, செய்ங்க."

சிரிப்பை அடக்க முடியாமல் நான் வெளியே ஓடிவந்துவிட்டேன்.

அம்மா வேலையை விட்டு, பணம் கைக்கு வந்த வருடம்தான் ரூபாய் விழுந்தது. சதம் குறையாமல் கொடுத்தார்கள், அதில் குறை சொல்லக் கூடாது. ஆனால் பதுளைக் கடையில் சிமெந்து விலையைக் கேட்ட அம்மா, கம்பி விலையைக் கேட்கவே இல்லை. வீடு அத்திவாரத்தோடு நின்றது. விலை இறங்கட்டும், கட்டிடலாம் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அத்திவாரத்தில் புல் முளைத்தது, அம்மா படுக்கையில் விழுந்தாள்.

அவள் படுத்திருந்தபோதுதான் ஆளுநர் ஓய்வு பெற்றார். டிவியில் மாலை, கைதட்டல், நாட்டைக் காத்தவர் என்று பேச்சு.

"நாசமாப் போவாரு!" என்று கத்தினேன்.

"ஏசாத" என்றாள் அம்மா. "வயசான மனுசன். வேணும்னேவா செஞ்சிருப்பாரு? நம்ம தலையெழுத்து."

அதே காம்பராவில்தான் அம்மா போனாள். கடைசிவரை அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரே ஒருமுறை ஏசியிருந்தால்கூட எனக்கு மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.