ஈரத்துண்டில் சுற்றிய பீன்ஸ்

ஹொரேஸ் பிக்கரிங்கைப் பற்றி எழுதுவதென்றால் அவருடைய இடுப்பிலிருந்துதான் நான் ஆரம்பிக்க வேண்டும். அது உடைந்த பிறகுதான் எனக்கு அவரைத் தெரியும். அதற்கு முன்பு நாற்பது வருடம் ஒரே தெருவில் இருந்தோம். ‘இன்னிக்கு மழை வரும்போல இருக்கு’ என்பதைத் தாண்டிப் பேசியதில்லை. எங்கள் ஊரான ஹென்னல்பியில் அதற்குப் பெயர் நெருக்கமான பழக்கம்.

முப்பத்தெட்டு வருடம் வீடு வீடாகப் பால் போட்டவர். ஊரில் யார் எந்த வீட்டிலிருந்து விடியற்காலையில் வெளியே வந்தார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒன்றையும் வெளியே சொன்னதில்லை. வாயைத் திறந்தால் பீன்ஸ்தான். மனைவி போய்ப் பதினோரு வருடமாகிறது. அந்த அம்மாளுக்குப் பீன்ஸ் பிடிக்காது என்பதைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னாளாம். அதை ஒரு மோசடியாகவே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை எங்கள் ஊர் மன்றத்தில் காய்கறிக் கண்காட்சி. வெங்காயம், காரட், ஜாம், கேக் எல்லாவற்றுக்கும் பரிசு உண்டு. ஆனால் ஆண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது ‘மிக நீளமான பீன்ஸ்’ என்ற போட்டிக்குத்தான். ஹொரேஸ் அதில் ஒன்பது முறை ஜெயித்திருக்கிறார். பக்கத்து வீட்டு லயனல் ஃபிட்ச் ஆறு முறை. இரண்டு தோட்டத்துக்கும் நடுவே ஒரு செடிவேலி. முப்பது வருடமாக அந்த வேலிக்கு மேலாக ஒருவர் கொடியை ஒருவர் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

போட்டிக்கு ஒரு விதி உண்டு. விளைவித்தவரே தன் கையால் காயைக் கொண்டுவந்து, காலை பத்து மணிக்குள் மேசைமேல் வைக்க வேண்டும். ஒரு வருடம் லயனல் தன் மைத்துனரிடம் கொடுத்தனுப்பி, வழியில் காய் ஒடிந்து, இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்திக்கொண்ட பிறகு எழுதிய விதி அது.

போன ஜூன் மாதம் ஹொரேஸ் கொடிக்குக் கழி கட்டுவதற்காகக் கவிழ்த்த வாளிமேல் ஏறினார். வாளி நகர்ந்தது. இடுப்பு போயிற்று. ஆஸ்பத்திரியில் இரும்பு வைத்துத் தைத்து, பிடித்துக்கொண்டு நடக்க ஒரு வாக்கரையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மகள் ஹிலரி லீட்ஸிலிருந்து வந்தாள். கையில் பளபளப்பான ஒரு புத்தகம். அவள் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் முதியோர் இல்லத்தின் விளம்பரம். அட்டையில் மூன்று கிழவர்கள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“கண்காட்சி அன்னிக்கு திரும்ப வர்றேன்ப்பா. அதுக்குள்ள நீங்களா நடமாட முடிஞ்சா இங்கயே இருங்க. இல்லன்னா என்னோட கெளம்பிடணும்” என்றாள்.

ஹொரேஸ் அந்தப் புத்தகத்தைத் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

எங்கள் ஊரில் யாராவது படுத்துவிட்டால் டாஃப்னி க்ரூ ஒரு பட்டியல் போட்டு மாதா கோவில் பலகையில் ஒட்டிவிடுவாள். திங்கட்கிழமை யார் சமைத்துக் கொடுப்பது, செவ்வாய் யார் என்று. நல்ல மனசுக்காரி. அவளுடைய நல்ல மனசிலிருந்து தப்பியவர் யாருமில்லை. முதல் வாரம் ஏழு பேரும் ஒரே பண்டத்தைக் கொண்டுவந்தார்கள்: கொத்துக்கறிக்கு மேல் மசித்த உருளைக்கிழங்கு. எனக்குச் சமையல் வராது. முப்பத்து நான்கு வருடம் வீடுகளுக்குப் போய் நோயாளிகளைக் குளிப்பாட்டி, நடக்க வைத்து ஓய்வு பெற்றவள் நான். அதனால் பட்டியலில் ‘உடம்பு: நோரா’ என்று போட்டிருந்தாள்.

உடம்பு நாற்காலியை விட்டு எழவில்லை.

“எந்திரிங்க ஹொரேஸ். பத்து அடி நடக்கணும்.”

“நாளைக்கு.”

“நேத்தும் நாளைக்குன்னுதான் சொன்னீங்க.”

“ஒரே பேச்சுல நிக்கிற ஆள் நான்.”

ஐந்து நாள் இப்படிப் போயிற்று. ஆறாம் நாள் நான் கொடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டேன்.

“தண்ணி ஊத்தியாச்சா?” என்று கேட்டார்.

“இல்ல.”

“வெயில் அடிக்குதே.”

“அடிக்குது.”

“பூ கொட்டிடும், நோரா.”

“கொட்டும். பின்வாசல்லேர்ந்து கொடிக்கு நாப்பத்தோரு அடி. எண்ணிப் பாத்தேன். வாளிய கொடிகிட்ட வெச்சிருக்கேன், குழாயும் அங்கதான் இருக்கு.”

“உன்ன யாரு இந்த வேலைக்கு எடுத்தா?”

“உங்கள மாதிரி ஆளுங்கள பாத்துட்டுத்தான் எடுத்தாங்க.”

அன்று மாலை எழுந்தார். இருபது அடி போய், ஒரு பெஞ்சில் உட்கார்ந்து என்னைத் திட்டினார். மறுநாள் நாற்பத்தோரு அடியும் போனார். ஆகஸ்டில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை போய்வந்தார். ஆனால் வாசல் பக்கம் மட்டும் போக மாட்டார். தெருவில் வாக்கரோடு தன்னை யாரும் பார்க்கக் கூடாது என்று ஒரு பிடிவாதம். மன்றம் தெருக்கோடியில் இருந்தது.

கண்காட்சிக்கு மூன்று நாள் முன்பு நான்கு காய்களைப் பறித்தோம். வளைந்த பீன்ஸை ஈரத்துண்டில் நீட்டிச் சுற்றிக் குளிர்ச்சியில் வைத்தால் நிமிர்ந்துவிடும். இது பீன்ஸ்காரர்களின் வித்தை. ஃபிரிட்ஜில் ஒரு தட்டையே காலி செய்து, பாலை வெளியே எடுத்து, துண்டை உள்ளே வைத்தார். பாலைவிடப் பீன்ஸ் முக்கியமாகப் போன ஒரே பால்காரர் அவராகத்தான் இருப்பார். பெரிய காயை அவரே அளந்தார். பதினேழரை அங்குலம் என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் போனபோது சாப்பிட்டு முடித்திருந்தார். அன்று டாஃப்னியின் முறை. அவர் வீட்டு அடுப்பிலேயே சமைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

“என்ன சமைச்சா?”

“ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, பீன்ஸ்.”

“பீன்ஸ் எப்படி?”

“ஒரே நார். மெல்ல முடியல. அவ எதிர்லயே உக்காந்து பாத்துக்கிட்டிருந்தா. மனசு நோகக் கூடாதேன்னு ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கி சாப்பிட்டேன்.”

நான் ஃபிரிட்ஜைத் திறந்தேன். அந்தத் தட்டில் பால் இருந்தது. துண்டு துவைத்து அடுப்புக் கம்பியில் காய்ந்துகொண்டிருந்தது.

கெட்ட செய்தி சொல்வதற்கு எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். உட்கார வேண்டும். முகத்துக்கு நேராகப் பார்க்க வேண்டும். சின்னச் சின்ன வார்த்தைகளாகச் சொல்ல வேண்டும். நான் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“ஹொரேஸ், உங்க காய நீங்களே சாப்பிட்டுட்டீங்க.”

சாப்பிட்ட தட்டைத் திரும்பிப் பார்த்தார்.

“நாலையுமா?”

“ரெண்டாவது தடவை வாங்கினதா நீங்கதான் சொன்னீங்க.”

“அந்தப் பொம்பளகிட்ட சொல்லாத. அழுவா. அப்பறம் பரிகாரம்னு இன்னும் ஒரு வாரம் சமைப்பா.” அப்புறம் மெதுவாக, “முடிஞ்சுது. ஹிலரிகிட்ட சொல்லிடு. பெட்டிய கட்டட்டும்” என்றார்.

அந்தக் குரலை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். அதற்கு ஆறுதல் சொன்னால் இன்னும் ஆழமாக உட்கார்ந்துவிடுவார்கள்.

“கொடி உச்சியில ஒண்ணு இருந்துச்சே?” என்றேன்.

“அது காயா? அரிவாள் மாதிரி வளைஞ்சு கெடக்கு.”

“துண்டு காஞ்சிடுச்சு. நனைக்கணும்.”

வாக்கரைத் தானே இழுத்துக்கொண்டார். நாற்பத்தோரு அடியை அன்றைப் போல் வேகமாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை. காய் எட்டடி உயரத்தில் இருந்தது. எனக்கு எட்டாது. கவிழ்த்த வாளியை ஹொரேஸ் ஓரக்கண்ணால் பார்த்தார். நான் அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

வேறு வழியில்லாமல் வேலியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “ஃபிட்ச்.”

“என்னய்யா?” என்று அந்தப் பக்கத்திலிருந்து லயனல் கேட்டார்.

“நீ இவ்ளோ நெட்டையா வளந்ததுல யாருக்காவது பிரயோஜனம் உண்டா?”

“எங்கம்மாவுக்கு அலமாரி மேலேர்ந்து ஜாம் எடுத்துக் குடுத்திருக்கேன்.”

“இங்க வா. ஒரு காய் பறிக்கணும்.”

லயனல் தெருவைச் சுற்றிக்கொண்டு வந்து அண்ணாந்து பார்த்தார். “இதையா வைக்கப் போற? இதுல கோட்டு மாட்டலாம்யா. ஃபிரிட்ஜுல பெருசு வெச்சிருக்கேன்னு பீத்திக்கிட்டியே, அது எங்க?”

“அது இப்ப இல்ல.”

“இல்லன்னா?”

“இல்லன்னா இல்ல. பறி.”

லயனல் இரண்டு கையாலும், காம்பு நோகாமல் பறித்துக் கொடுத்தார். போகும்போது வாசலில் நின்று, “துண்ட வெதுவெதுப்பான தண்ணில நனை. பச்சத் தண்ணில நனைச்சா இந்த வளைவு நிமிராது” என்றார்.

“முப்பது வருஷமா இத சொல்லலையே நீ?”

“நீ கேக்கலையே.”

சனிக்கிழமை காலை எட்டே முக்காலுக்குக் கிளம்பினோம். மன்றம் இருநூற்று அறுபது அடி தூரம். துண்டுச் சுருளை வாக்கரின் முன்கம்பியில் தன் குளியல் அங்கியின் நாடாவால் கட்டியிருந்தார். நான் பத்தடி பின்னால் வந்தேன். கிட்டே வந்தால் உதவி போலத் தெரியும் என்றார்.

தூரம் பிரச்சினையில்லை. மரியாதைதான் பிரச்சினை. எதிரே வந்த ஒவ்வொருவரும் நின்று, “நடமாட ஆரம்பிச்சிட்டீங்களே” என்றார்கள். நின்றவரிடம் வானிலையைப் பற்றிப் பேசாமல் போவது எங்கள் ஊரில் காறித் துப்புவதற்குச் சமம். மேகம் கலையும் என்றார் ஒருவர். கலையாது என்றார் இன்னொருவர். காரில் ஏறிக்கொள்ளச் சொன்னவர்கள் மூன்று பேர். அவர்களுக்கு நன்றி சொல்லி மறுக்க ஆளுக்கு நான்கு நிமிடம் ஆயிற்று.

ஒன்பதரைக்கு என் போன் அடித்தது. ஹிலரி. “நோரா, அப்பாவ வீட்ல காணோம். கதவு தெறந்து கெடக்கு.”

“பஸ் நிறுத்தத்துல இருக்கார். மழையப் பத்திப் பேசிட்டிருக்கார். இது ஆறாவது ஆள்.”

“அங்கேயே இருக்கச் சொல்லுங்க, கார் எடுத்துட்டு வர்றேன்.”

“ஏற மாட்டார். நீ நேரா மன்றத்துக்குப் போ.”

மன்ற வாசலில் இரண்டு படி. பக்கத்துச் சரிவுப் பாதையில் யாரோ பூசணிக்காய்களை அடுக்கி வைத்திருந்தார்கள். பத்து மணிக்கு இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. படி ஏறப் பதினைந்து நாள் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஒரு நாளும் ஏறிக் காட்டியதில்லை. வாக்கரை ஓரமாக விட்டுவிட்டுக் கைப்பிடியைப் பற்றினார். காய்ச்சுருள் அக்குளில்.

உள்ளேயிருந்து ஹிலரி ஓடிவந்தாள். நான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

“விழுந்துடுவார்.”

“விழுந்தா தூக்கத்தான் நான் இருக்கேன். பேசாம இரு.”

“ஏற நல்ல கால், எறங்க கெட்ட கால்” என்று நான் கற்றுக்கொடுத்த பாடத்தை முனகிக்கொண்டே ஏறினார். ஒரு படி. மறு படி. மேலே நின்று, அப்போதுதான் மகளைப் பார்த்தார். “நீ பதினோரு மணிக்குத்தானே வர்றதா சொன்ன?” என்றார்.

பெயர் பதியும் மேசையில் டாஃப்னி. லயனல் ஏற்கெனவே தன் காயை வைத்துவிட்டு அங்கே நின்றிருந்தார்.

“மிஸ்டர் பிக்கரிங், நேத்து பீன்ஸ் பிடிச்சிருந்துச்சா?” என்றாள் டாஃப்னி. “உங்க ஃபிரிட்ஜுலதான் கெடந்துச்சு. முத்திப்போய், பாவம், ஒரு துண்டுக்குள்ள சுத்தி மறந்தே போயிட்டீங்க. வீணாக்க மனசு வரல.”

லயனலின் வாய் திறந்தது. ஹொரேஸ் அவரைப் பார்த்தார். பால் போட்ட காலத்தில் யார் வீட்டிலிருந்து யார் வந்தார்கள் என்று தெரிந்தவரின் பார்வை அது. வாய் மூடிக்கொண்டது.

“பிரமாதமா இருந்துச்சு, மிசஸ் க்ரூ” என்றார் ஹொரேஸ்.

லயனல் அவசரமாக வெளியே போனார். மன்றத்தை ஒட்டிய கல்லறைச் சுவருக்குப் பின்னால் இருமல் போல ஒரு சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

இரண்டு மணிக்கு முடிவு. லயனலின் காய் பதினாறே கால் அங்குலம். ஹொரேஸுடைய அரிவாள், வெதுவெதுப்பான தண்ணீரின் புண்ணியத்தில் நிமிர்ந்து, சரியாகப் பதினாறு. இரண்டாம் பரிசு.

“நீ தின்ன காய் எவ்ளோ?” என்று லயனல் காதோடு கேட்டார்.

“பதினேழரை.”

“யாரு பாத்தா?”

முழுசாகப் பார்த்த ஒரே வெளியாளான டாஃப்னி அந்தப் பக்கம் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்டால் அவள் செய்ததைச் சொல்ல வேண்டிவரும்.

“யாரும் பாக்கல” என்றார் ஹொரேஸ். ஒன்பது முறை ஜெயித்தவர் வாயிலிருந்து அது வருவதற்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று பீன்ஸ் போடுகிறவர்களுக்குத் தெரியும். உண்மையில் நானும் அளந்திருந்தேன். பதினேழே கால். அதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

ஹிலரி என்னைத் தனியே அழைத்தாள். “உண்மைய சொல்லுங்க நோரா. தனியா இருப்பாரா?”

“நடந்தார், ஏறினார். நாலு மணி நேரமா நின்னு தர்க்கம் பண்றார். ஆபத்து அவருக்கு வெளியிலேர்ந்துதான் வருது” என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். அவள் பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு எதையோ தேடுவதுபோல் குலுங்கினாள்.

நிமிர்ந்தபோது கையில் கோப்பைக் கறை படிந்த அந்தப் பளபளப்பான புத்தகம் இருந்தது. ஹொரேஸ் அதைக் கண்டுவிட்டார். “அங்க பீன்ஸ் போட எடம் இருக்கா?” என்று கேட்டார்.

“பூந்தொட்டி இருக்குப்பா.”

“தொட்டியா” என்றார் ஹொரேஸ். “தொட்டியாம்யா” என்று திரும்பி லயனலிடமும் சொன்னார். இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள். புத்தகம் பைக்குள் போயிற்று. பிறகு வெளியே வரவில்லை.

ஊருக்குத் திரும்புவதற்கு முன் ஹிலரி ஃபிரிட்ஜுக்கு ஒரு பூட்டு வாங்கி மாட்டினாள். ஒரு சாவி ஹொரேஸிடம், ஒரு சாவி என்னிடம். எதற்குப் பூட்டு என்று டாஃப்னி கேட்டாள். வயதானவர்களுக்கு நல்லது என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

அவளாக ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து ஊர் முழுக்கப் பரப்பிவிட்டாள். பாவம், மிஸ்டர் பிக்கரிங்குக்குச் சாப்பாட்டில் கட்டுப்பாடே இல்லை, தன் கண்ணெதிரிலேயே ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கினார் என்று. ஹொரேஸ் இன்று வரை அதை மறுக்கவில்லை.